'ஃபன்னி பாய்' நாவலும் படமும்: யாராவது இருக்கிறீர்களா?

மணிக்கூண்டு (சனி, இரவு 11.10)

மூர் மார்க்கெட்டில் பிளஸ் டூ கைடுகளுக்கு நடுவில் கிடைத்தது. எண்பது ரூபாய் சொன்னார், அறுபதுக்குத் தந்தார். ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994-இல் வந்த ஆங்கில நாவல். கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் வளரும் ஆர்ஜி என்ற பையன், தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறான். அதே வருடங்களில் ஊர் 1983 ஜூலைக் கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தீபா மேத்தா 2020-இல் படமாக்கினார். திரைக்கதையில் செல்வதுரையும் இருக்கிறார். இரண்டையும் முடித்துவிட்டேன். வேலை செய்கிற கண்டெய்னர் யார்டில் இதைப் பேச ஆள் கிடையாது, அதனால் இங்கே வந்தேன்.

முதல் பகுதியிலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு பேரப்பிள்ளைகள் எல்லோரையும் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிடுவார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆர்ஜி பெண்பிள்ளைகளோடு 'கல்யாணப்பெண்' விளையாட்டு ஆடுவான், கல்யாணப்பெண் எப்போதும் அவன்தான். புடவை சுற்றி, பூ வைத்து அலங்காரம் செய்துகொள்ளும் அந்த நேரத்துக்காகவே அவன் மாதம் முழுக்கக் காத்திருப்பான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் போட்டிக்கு வந்து சண்டையாகி, பெரியவர்கள் கூடியிருக்கும் ஹாலுக்குள் புடவையோடு அவனை இழுத்துப்போய் நிறுத்துகிறார்கள். ஒரு மாமா சிரித்துக்கொண்டே 'ஃபன்னி' என்கிறார். அப்பா சிரிக்கவில்லை. அப்புறம் அவரும் அதே வார்த்தையை வேறு தொனியில் சொல்கிறார். பையன் யோசிக்கிறான்: இந்தச் சொல்லுக்கு வேடிக்கை என்று ஒரு அர்த்தம், விசித்திரம் என்று ஒரு அர்த்தம். அப்பா சொன்னதற்கு இரண்டுமே பொருந்தவில்லையே.

தமிழில் அந்தச் சொல் எனக்குத் தெரியும். 'ஒரு மாதிரி.'

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு. அம்மா எம்.சி. ரோடு கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பார். ஃபால்ஸை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துவையலில் சுருங்கிப் புடவையின் ஓரத்தையே இழுத்துவிடும். நனைப்பது என் வேலை. ஒன்பது வயதில் ஊசியும் பிடித்துவிட்டேன். முன்பக்கம் தையல் தெரியாமல் ஒரு நூல், ஒரே ஒரு நூல் மட்டும் ஊசியில் எடுத்துத் தைக்க வேண்டும். எனக்கு அம்மாவைவிடச் சன்னமாக வரும். அம்மா அதை எல்லோரிடமும் சொல்வார். சிலநாள் தைத்த புடவையைக் கட்டிப் பார்ப்பேன், கொசுவம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான், சத்தியமாக. (சரி, அதற்கு மட்டும் இல்லை.) பதினோரு வயதில் புடவை வாங்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பையன் ஒரு மாதிரி கீறானே" என்றார். மறுநாள் காலை ஊசி டப்பா பரணுக்குப் போய்விட்டது. "போ, வெளிய போய் விளையாடு."

நாவலில் ஆர்ஜியின் அம்மா வெளியே கிளம்ப அலங்காரம் செய்யும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அம்மா அவனை அறைக்குள் விடுவதில்லை. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

எண்ணூர்22 (சனி, இரவு 11.48)

அண்ணா, நான் படம் மட்டும்தான் பார்த்தேன். ரொம்பப் பிடித்தது. சின்ன ஆர்ஜியாக வரும் பையன் அப்படியே மனதில் நிற்கிறான். பெரியவன் ஆனதும் வேறு நடிகர் வருகிறார், அங்கே எனக்குக் கொஞ்சம் ஒட்டவில்லை. புத்தகம் படிக்கலாமா? ஆங்கிலம் கஷ்டமா?

மணிக்கூண்டு (சனி, இரவு 11.59)

கஷ்டமே இல்லை தம்பி. மொத்தம் ஆறு பகுதி, ஒவ்வொன்றையும் தனிச் சிறுகதையாகவே படிக்கலாம். நீ சொன்ன ஒட்டாத இடம் புத்தகத்தில் கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரை அதே பையனின் குரல்தான், குரலோடு சேர்ந்து வயதும் ஏறுகிறது. படத்தில் அந்தக் குரல் போய்விட்டது. பதிலுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது: அம்மாவின் முகம். நிம்மி ஹரஸ்கம நடித்திருக்கிறார். நாவலில் அம்மா கதவை மூடினால் நாமும் பையனோடு வெளியே நிற்போம். படத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடிகிறது. அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

கேட்_மூடியாச்சு (ஞாயிறு, காலை 7.20)

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. யாரும் கோபப்பட வேண்டாம்.

கதைச் சுருக்கம் படித்தேன், படம் பாதி பார்த்தேன். அப்பா ஹோட்டல் முதலாளி. வீட்டில் கார், வேலைக்காரர்கள், இங்கிலீஷ். இவனுக்கு ஒரு பிரச்சினை வந்தால் தனியாகப் போய் அழ ஒரு அறை இருக்கிறது. காதலனைச் சந்திக்க கராஜ் இருக்கிறது. எங்களுக்கு கராஜ் ஏது? ஒரே அறையில் ஆறு பேர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால், எதிர் மாடியில் வடகம் காயவைக்கும் பாட்டி பார்த்துவிடும். இந்த மாதிரிக் கதைகளில் வருகிற பையன்கள் எப்போதும் பணக்கார வீட்டுப் பையன்களாகவே இருக்கிறார்கள். எனக்கு 'ஒரு மாதிரி' என்றுகூட யாரும் சொன்னதில்லை. நேராக 'ஒம்போது'தான்.

அத்தோ_அக்கா (ஞாயிறு, காலை 9.05)

கராஜ் விஷயம் சிரிக்க வைத்தது தம்பி, ஆனால் உண்மைதான்.

நான் வியாசர்பாடி. எங்கள் ஆயா 1964-க்கு அப்புறம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்தது ராதா ஆன்ட்டி பகுதி. ராதா தமிழ்ப் பெண். அனில் என்ற சிங்களப் பையனோடு பழகுகிறாள். ராதாவின் அம்மா (ஆர்ஜிக்கு அம்மாச்சி) கொதிக்கிறார், ஏனென்றால் அவருடைய அப்பா ஐம்பதுகளின் கலவரத்தில் கொல்லப்பட்டவர். யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் ராதா ரயிலில் தாக்கப்படுகிறாள். அதற்குப் பிறகு அவளே மாறிவிடுகிறாள், வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குச் சரி சொல்கிறாள். எல்லாவற்றையும் சின்னப் பையன் ஒருவன் ஓரத்தில் நின்று பார்க்கிறான். யாரை யார் விரும்பலாம் என்பதை வீடு முடிவு செய்யும் என்பது அவனுக்கு அங்கேதான் முதலில் புரிகிறது, அவன் விஷயம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே. எங்கள் தெருவில் வேறு சாதிப் பையனோடு போன பெண்ணின் பேரை அவள் வீட்டில் பதினான்கு வருடமாக யாரும் சொல்வதில்லை. அதனால் இது 'அவர்கள்' கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கேள்வி. என் பையனுக்குப் பதினைந்து வயது. அவனிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா? அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன்.

பெயர்_வேண்டாம் (ஞாயிறு, காலை 9.31)

இதெல்லாம் நம் கலாச்சாரமே இல்லை. பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்.

மட்டுறுத்துநர் (ஞாயிறு, காலை 9.40)

புத்தகத்தைப் பற்றிப் பேசுவதானால் இருங்கள். இதற்கு யாரும் பதில் போட வேண்டாம்.

புழல்காற்று (ஞாயிறு, பகல் 12.15)

வணக்கம். நான் புழல் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். அம்மா 1990-இல் படகில் வந்தவா. இந்தப் படத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் குடும்பத்தின் கதை, ஆனால் முக்கியமான பாத்திரங்களில் பெரும்பாலும் தமிழர் இல்லை. அவர்கள் வாயில் தமிழ் படுகிற பாடு! கனடாவில் எங்கட சனம் எதிர்ப்புத் தெரிவித்ததில் நியாயம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கனடா இந்தப் படத்தை ஆஸ்கருக்குச் சர்வதேசப் படப் பிரிவில் அனுப்பியது, ஆஸ்கர்க்காரர் ஆங்கிலம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குத் தமிழ் காணாது, அவர்களுக்கு ஆங்கிலம் கூடிப்போச்சுது.

நாவலிலும் ஒரு சின்ன உறுத்தல். எங்கட வழக்கில் அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. செல்வதுரை தாத்தாவை அப்பாச்சி ஆக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு கிழவி கதிரையில் இருந்து பேப்பர் படிப்பதுபோலவே தோன்றும்.

இனி மற்ற மனம். கடைசிப் பகுதி கலவர நாட்குறிப்பு. அதுவரை கதை சொல்லிக்கொண்டு வந்த பையன் அங்கே தேதி போட்டு எழுதத் தொடங்குகிறான். வீட்டை எரிக்கிறார்கள், பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்திருக்கிறது. அம்மாச்சியும் அப்பாச்சியும் காரோடு எரிக்கப்பட்ட செய்தி வருகிறது. அந்த நேரத்திலும் இவனுடைய நண்பன் ஷெஹான் ஒரு சிங்களவன். அவன் பேசுவதைக் கேட்கும்போது அவன் சிங்களவன், தான் தமிழன் என்பது முதல்முறையாக ஆர்ஜிக்கு உறைக்கிறது. இவ்வளவு நாளும் உறைக்கவில்லை. அம்மாவுக்கு அந்த இடத்தை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். ஷெஹான் யார் என்று கேட்டா. சிநேகிதன் என்றேன். "சிநேகிதன் எண்டால் இவன் ஏன் இப்பிடி அழுறான்?" என்று கேட்டா. நான் பேசாமல் இருந்தேன். அம்மாவும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போயிட்டா.

அக்கா, பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். கராஜில் நடப்பது சுருக்கமாகத்தான் வரும். கலவரப் பகுதிதான் பாரம், அதை அவன் படிக்கும்போது நீங்கள் வீட்டில் இருங்கள்.

மணிக்கூண்டு (ஞாயிறு, மதியம் 2.30)

அக்கா, கையில் கொடுக்காமல் அலமாரியில் வைத்துவிடுங்கள் என்பேன். பக்கத்தில் நீங்கள் படித்ததற்கு அடையாளமாக ஒரு பஸ் டிக்கெட்டோ எதுவோ செருகி வையுங்கள். அம்மா இதைப் படித்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும். எனக்கு அப்படி ஒரு டிக்கெட் கிடைத்திருந்தால் பத்து வருடம் மிச்சம்.

கேட் தம்பிக்கு: கராஜ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப் படத்தை வைத்துக்கொண்டு முழு நாவலை அடிக்காதே. 'சின்னச் சின்ன முடிவுகள்' என்று ஒரு பகுதி. அப்பாவின் கடற்கரை ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள், பக்கத்துக் கிராமத்துப் பையன்களை அறைக்கு அழைத்துப் போகிறார்கள். அப்பாவுக்கு அது தெரியும். நம் நாட்டில் கடற்கரை மட்டுமா இருக்கிறது, வேறு இயற்கை வளங்களும் இருக்கின்றனவே என்கிற மாதிரி ஒன்று சொல்லித் தள்ளிவிடுகிறார். சொந்த மகன் 'ஃபன்னி' ஆகிவிடுவானோ என்று அலறுகிற அதே மனிதர்! நீ கேட்கிற வர்க்கக் கணக்கு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, எழுதியவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இன்னொன்று, அதே அப்பா சின்ன வயதில் ஒரு நண்பனோடு ரத்த சத்தியம் செய்த மாதிரி நெருக்கமாக இருந்திருக்கிறார். அந்த நண்பனின் மகன் ஜெகன் வேலை கேட்டு வந்து நிற்கும்போது அவர் முகம் மாறுவதைப் படித்துப் பார். அந்த நட்பு என்ன மாதிரி நட்பு என்று செல்வதுரை கடைசிவரை சொல்வதில்லை.

கேட்_மூடியாச்சு (ஞாயிறு, மாலை 4.02)

சரி, அந்த ஹோட்டல் இடம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

ஆனால் பள்ளிக்கூடப் பகுதி பற்றி ஒன்று கேட்க வேண்டும். கதைச் சுருக்கத்தில் எனக்குப் புரியாமல் போனது அதுதான். விழாவில் கவிதை சொல்ல வேண்டியவன் ஏன் வேண்டுமென்றே உளறுகிறான்?

மணிக்கூண்டு (ஞாயிறு, மாலை 5.20)

சுருக்கத்தை விடு, நாவலில் இருப்பதைச் சொல்கிறேன். புத்தகத்தின் சாரம் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

ஆர்ஜியை அப்பா ஒரு கண்டிப்பான பள்ளியில் சேர்க்கிறார், 'ஆம்பளை ஆக்க'. அங்கே பிரின்சிபாலுக்குப் பையன்கள் வைத்த பேர் பிளாக் டை. ஷெஹானின் நீண்ட முடியை வெட்டுவார், முட்டி போட வைப்பார், பிரம்பெடுப்பார். ஆனால் அவரை எதிர்த்துப் பள்ளியைப் பிடிக்க நிற்கும் வைஸ் பிரின்சிபால் முழுச் சிங்களப் பௌத்தப் பள்ளியாக மாற்றப் பார்க்கிறவர். அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு பிளாக் டை இருப்பதே நல்லது. விழாவுக்கு ஒரு அமைச்சர் வருகிறார். பிளாக் டையின் பேச்சு முழுக்க ஆர்ஜி மேடையில் ஒப்பிக்க வேண்டிய இங்கிலீஷ் கவிதைகளைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிப் பெருமை, விளையாட்டு வீரம், விக்டோரியா காலத்து ராகம். ஆர்ஜி அதை ஒழுங்காக ஒப்பித்தால் பிளாக் டை தப்பிப்பார், தமிழர்களுக்கும் நல்லது. உளறினால் அவர் அவமானப்படுவார், ஷெஹானுக்கு நியாயம்.

இப்போது சொல், நீ என்ன செய்வாய்? பையன் உளறுகிறான். வரிகளைத் தலைகீழாக்கி மேடையில் கொட்டிவிடுகிறான். தன் இனத்துக்கு எது நல்லது என்பது தெரிந்தே செய்கிறான். வேறு ஒரு எழுத்தாளராக இருந்தால், இரண்டும் ஒரே பக்கம் சேர்கிற மாதிரி, கெட்டவன் எல்லாவற்றிலும் கெட்டவனாக அமைத்திருப்பார், நாமும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்போம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

புழல்காற்று (ஞாயிறு, மாலை 6.10)

எனக்கு அந்த இடத்தில் ஆர்ஜி மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. எங்கட பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் கையை விட்டுப் போகப் போகிறது, இவனுக்குச் சிநேகிதன் பெரிதாகப் போய்விட்டதா என்று. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான், பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு இனத்தையே தூக்கி வைத்த பெரியவர்கள் யார் என்று யோசித்தேன். இப்பவும் பாதிக் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

எண்ணூர்22 (ஞாயிறு, இரவு 8.44)

இந்தப் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தால் தலைப்பு என்ன வைப்பீர்கள்? 'வேடிக்கைப் பையன்' என்றால் வடிவேலு படம் மாதிரி இருக்கிறது.

அத்தோ_அக்கா (ஞாயிறு, இரவு 9.02)

'ஒரு மாதிரிப் பையன்'. மணிக்கூண்டு தம்பி முதலிலேயே சொல்லிவிட்டாரே.

நல்ல சொல் என்ன என்று தேடினேன். உயர் நீதிமன்றம் சொல்லி, இவர்களை மரியாதையாகக் குறிக்க 2022-இல் தமிழ்நாடு அரசாங்கமே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. 'பால்புதுமையர்' என்று இருக்கிறது. இன்றைக்குச் சமையல் செய்துகொண்டே நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாக்கு சுளுக்குகிறது, ஆனால் அசிங்கமாக இல்லை.

புழல்காற்று (ஞாயிறு, இரவு 9.15)

எங்கட பக்கமும் 'ஒரு மாதிரியான ஆள்' என்றுதான் சொல்லுவினம். இங்கே ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி போன 2018-இல் அம்மாவுக்குச் செய்தி வாசித்துக் காட்டினேன். இலங்கையில் அதேமாதிரி 365 ஏ என்ற சட்டப்பிரிவு இன்னும் இருக்கிறது. கதை முடிவில் நாட்டை விட்டுப் போகிற ஆர்ஜி திரும்பிப் போனாலும் அது அங்கே அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

கேட்_மூடியாச்சு (ஞாயிறு, இரவு 9.50)

மணிக்கூண்டு அண்ணா, அந்த அறுபது ரூபாய்ப் புத்தகம் கடன் கிடைக்குமா? கிழித்துவிட மாட்டேன். ஓரத்தில் பென்சிலால் திட்டுவேன், அவ்வளவுதான்.

மணிக்கூண்டு (ஞாயிறு, இரவு 10.05)

திட்டு. அழுத்தமாகத் திட்டு. உனக்கு அப்புறம் எண்ணூர் தம்பி வாங்கிக்கொள்ளட்டும். அக்காவுக்குத் தனிப்பிரதி தேடுகிறேன், அலமாரியில் நிற்க வேண்டிய புத்தகம்.

புதன் சாயங்காலம் ஆறரைக்கு கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வெளியே, பஜ்ஜி கடைப் பக்கம் நிற்கிறேன். கையில் எம்.சி. ரோடு துணிக்கடைப் பை இருக்கும்.

கேட்_மூடியாச்சு (ஞாயிறு, இரவு 10.08)

வந்துவிடுகிறேன். ஆறே முக்கால் ஆனால் போய்விடாதீர்கள், நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி போவதற்காக நின்றுகொண்டிருப்பேன்.